எண்பத்திரண்டு மில்லி

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
சரிந்து விழுந்த மலையில் கொஞ்சம்
இன்று காலை என் மேசைக்கு வந்தது,
இரண்டு பைகளில்.

ஒன்று முத்திரை வைத்த துணிப்பை.
சேர்வராயன் மலையின் வழக்கமான சிவப்பு.
மற்றது முறுக்கு வாங்கிய பாலித்தீன் பை.
உள்ளே விரல் கனத்துக்கு
ஈரம் காயாத பாசிப்பச்சை மண்.

"செம்மண்ணுக்கு அடியில கோடு மாதிரி ஓடுதுங்க,
மண்வெட்டி வெச்சா சோப்பாட்டம் வழுக்குது"
என்று கொடுத்தனுப்பினாராம்
சாலைப் பணியாளர் சடையன்.
அந்தப் பைக்கு எண் கிடையாது.
நான்தான் பேனாவால் 2 என்று எழுதினேன்.

வெற்றிலைக் கவுளி போல
தாள்மேல் தாளாய் அடுக்கியது களிமண்ணின் உடம்பு.
தாள் ஒவ்வொன்றும் எதிர்மின் ஏறியது.
அதைச் சரிக்கட்ட
கால்சியமோ சோடியமோ
எதையாவது ஏற்றி வைத்திருக்கும்.
நீலச் சாயம் வந்தால் அவற்றை இறக்கிவிட்டு
சாயத்தை உட்கார வைத்துக்கொள்ளும்,
ஐந்து ரோட்டில் ஷேர் ஆட்டோ ஆள் மாற்றுவது போல.
மொத்தம் எத்தனை இருக்கை
என்று எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டு கிராம் மண். முந்நூறு மில்லி தண்ணீர்.
அமிலம் சில துளி.
சுற்றிக்கொண்டே இருக்கும் கலக்கியில்
ஐந்தைந்து மில்லியாக மெத்திலீன் நீலம்.
ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் குச்சியால் தொட்டு
வடிதாளில் ஒரு சொட்டு.
நடுவே கருநீலப் பொட்டு,
சுற்றிலும் வெறும் தண்ணீர் படர்ந்தால்
மண்ணில் இன்னும் இடமிருக்கிறது.
பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் கட்டினால்
வண்டி நிறைந்துவிட்டது.

செம்மண் பன்னிரண்டு மில்லியிலேயே நிறைந்தது.
கணக்குப் போட்டால் ஆறு.
போட்ட உரத்தையெல்லாம் மழையோடு அனுப்பிவிடுகிறதென்று
காபித் தோட்டக்காரர்கள் திட்டும் அதே மண்.
டீ ஆறுவதற்குள் முடிந்தது அதன் கதை.

பச்சை மண் குடித்தது.
முப்பது. நாற்பது.
ஐம்பதில் பியூரெட் காலி, மறுபடி நிரப்பினேன்.
எழுபத்தைந்தில் வளையம்.
அப்பாடா என்று டிபன் பாக்ஸைத் திறக்கப் போனேன்.
ஆனால் விதி ஒன்று உண்டு:
இரண்டு நிமிடம் கலக்கவிட்டு
இன்னொரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.
வைத்தேன்.
வளையத்தைக் காணோம்.
உள்தாள்களுக்குள் எங்கோ
இன்னும் நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மில்லியாக விட்டேன்.
எண்பத்திரண்டில் கட்டிய வளையம்
இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் இருந்தது.
நாற்பத்தொன்று.

உதவிப் பொறியாளர் குழந்தைவேலு போனில் வந்தார்.
"கோடை விழாவுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு அல்போன்சா மேடம்.
செம்மண்தானே, வீங்காதுன்னு எழுதிடுங்க,
ரோட்டத் திறந்துடலாம்."
நாற்பத்தொன்று என்றேன்.
"பியூரெட் கழுவினீங்களா?"
கழுவினேன்.
மறுபடி இரண்டு கிராம்,
மறுபடி முந்நூறு மில்லி.
சாப்பாடு ஆறியது, ரசம் மூடிவரைக்கும் கசிந்தது.
இந்த முறை எண்பத்து மூன்று.
நாற்பத்தொன்று புள்ளி ஐந்து.
"ஏறிடுச்சு சார்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

அறிக்கையில் இரண்டு மண்ணையும் எழுதினேன்.
தண்ணீர் இறங்கினால் கீழ் அடுக்கு ஊதும்,
ஊதினால் வழுக்கும்,
மேலே இருப்பது எத்தனை டன்னானாலும் கூடவே வரும்.
இதையே துறைக்குப் பிடித்த மொழியில்
நாலு வரி.
'மாதிரி எடுத்தவர்' என்ற கட்டத்தில்
சடையன் என்று போட்டேன்.
பதவியின் பெயரைத்தான் அங்கே போடுவது வழக்கம்.

சாயம் சோப்புக்குப் போகாது.
பஸ்ஸில் கண்டக்டர் என் விரலைப் பார்த்து
"எந்த எலக்சனுங்க?" என்றார்.
அஸ்தம்பட்டி தாண்டும்போது தூறல் பிடித்தது.
ஜன்னல் பக்கம் மலை இருக்க வேண்டிய இடத்தில்
மேகம்தான் இருந்தது.
ஈரக் கையில் பிடித்த டிக்கெட்டில்
விரல் பட்ட இடம் நீலமாய் ஊறியிருந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
சுற்றிலும் வளையம் கட்டுகிறதா என்று பார்த்தேன்.